மழை லைன்

வலிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் ஆட்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு பகுதி ஓரடி பின்னால் நகரும். மற்றப் பகுதி சாவிக்கொத்தோடு ஓடிவரும். கையில் இரும்பைத் திணித்தால் வலிப்பு நின்றுவிடும் என்று எவரோ எந்தக் காலத்திலோ சொல்லிவைத்திருக்கிறார்கள். எனக்குத் திணித்த சாவிகளை எல்லாம் திருப்பிக் கொடுக்காமல் சேர்த்து வைத்திருந்தால், திருகோணமலையில் பாதி வீட்டைத் திறந்து பார்த்திருக்கலாம். இப்போது குளிசை, அதாவது மாத்திரை, போட்டுச் சுகமாக இருக்கிறேன். என்னைப்போல் எவராவது வெளியில் சொல்லாமல் மறைத்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். உதவாவிட்டாலும் எனக்கு எழுத வேண்டும்போல் இருக்கிறது.

எனக்கு வந்த வலிப்பில் கைகால் இழுக்காது, வாயில் நுரை வராது. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல மேலே ஏறும். லோஞ்ச் படகு அலையில் ஏறி இறங்கும்போது வயிறு எழும்புமே, அப்படி. அதன்பிறகு ஒரு மணம் வரும். டீசலும் சவர்க்காரமும் கலந்த மணம். அது வந்ததும் என் இடது தோளுக்குப் பின்னால் என் புருஷன் வந்து நிற்பார்.

அவர் அப்போது உயிரோடு இல்லை.

நான் அவரைக் கண்ணால் காண்பதில்லை. திரும்பிப் பார்க்கவும் ஏலாது. ஆனால் நிற்கிறார் என்பது தெரியும். இருட்டான அறைக்குள் ஒரு ஆள் இருந்தால் நமக்குத் தெரிகிறதல்லவா, அப்படித் தெரியும். ஏதோ சொல்லப்போகிறார், வாயைத் திறந்துவிட்டார் என்பதுகூடத் தெரியும். அத்தோடு எல்லாம் அறுந்துபோகும். பிறகு கண் தெளிந்தால் சுற்றிவர ஆட்கள், என் கையில் எவருடையதோ சாவி.

நான் யார் என்று சொல்ல வேண்டும். தபால் கந்தோரோடு சேர்ந்த தொலைபேசி நிலையத்தில் நான் இணைப்பாளர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு இணைப்புப் பலகைக்கு முன்னால் இருப்பேன். எவராவது அழைத்தால் அவருடைய லைனுக்குரிய சின்னத் தகடு டிக் என்று விழும். பிளக்கைச் செருகி, "நம்பர்?" என்று கேட்டு, கேட்ட இடத்துக்கு இணைப்பைக் கொடுப்பேன். சொந்தக் கதை கதைக்கக் கூடாது. மேற்பார்வையாளருக்குப் பாம்புக் காது.

என் புருஷன் மூதூர் லோஞ்ச் ஓட்டியவர். கொட்டியாரக் குடாவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும், அங்கிருந்து இங்கும். பின்னேரம் மூதூரிலிருந்து கடைசி லோஞ்ச் வெளிக்கிட முன்னம், அங்கிருக்கிற தபால் கந்தோரிலிருந்து எனக்கு ஒரு அழைப்பு வரும். மூதூர் லைனுக்குரிய தகடு விழும். நான் "நம்பர்?" என்பேன். அவர் ஒரு மூச்சு விட்டுவிட்டு, "நம்பர் மறந்துபோச்சு, மிஸ்" என்று சொல்லி வைத்துவிடுவார். வெளிக்கிடுகிறேன், வேலை முடிந்து போய் உலையை வை என்று அர்த்தம். அந்தக் காலத்தில் மேற்பார்வையாளர்கூட என்னிடம், "மூதூரில ஒரு மறதிக்காரன் இருக்கிறான் பிள்ளை, ஒவ்வொரு நாளும் மறக்கிறான்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி நானும் அவரும் மகள் சுகந்தியும் வயிறு நோகச் சிரித்திருக்கிறோம்.

ஒரு மாரி காலத்தில் காற்று வந்து தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. அன்று அழைப்பு வரவில்லை. ஆற்றுவாய்க்குப் பக்கத்தில் லோஞ்ச் கவிழ்ந்து, ஏறியிருந்த ஆட்களை மீன்பிடிக்காரர் கரைசேர்த்தார்கள். இவரைக் கடல் மறுநாள்தான் தந்தது. அதற்குமேல் அதை எழுத எனக்கு ஏலாது.

வலிப்பு அடுத்த வருடம் தொடங்கியது. ஆட்கள் சாவியைத் திணித்தாலும் அதை வலிப்பு என்று நான் நினைக்கவே இல்லை. அவர் வருகிறார் என்றுதான் நினைத்தேன். வரட்டும் என்றும் நினைத்தேன். பூசை அறையில் விளக்குக் கொளுத்தும்போது வந்தார், பலகைக்கு முன்னால் வந்தார், கடைசியில் குசினியில் அடுப்படியில் வந்தார். அன்றைக்குத்தான் என் வலது கை நெருப்புக்குள் போனது. சுகந்தி இழுத்து எடுத்திராவிட்டால் சேலையும் பற்றியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் கைக்கு மருந்து கட்டினார்கள். பிறகு, கை ஏன் நெருப்புக்குள் போனது என்று ஒரு டொக்டர் கேட்டார். யாழ்ப்பாணத்துப் பெடியன், புதிதாக வந்தவர். கட்டில் விளிம்பில் சரிக்குச் சரியாக இருந்து கதை கேட்கிற டொக்டரை அதற்குமுன் நான் கண்டதில்லை. அதனால் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். சின்ன வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்ததா என்று கேட்டார். வந்ததாக அம்மா சொல்லியிருக்கிறா என்றேன்.

"மூளை முழுக்க மின்சாரம்தான் அம்மா. நல்ல சின்ன மின்சாரம். முறைமுறையா ஓடும். உங்களுக்கு வலது காதுக்கு மேல, உள்ளுக்க, அந்தக் காய்ச்சலால ஒரு தழும்பு இருக்கலாம். அந்த இடத்தில இடைக்கிடை எல்லாம் ஒண்டாச் சேந்து கத்துது. மணம், பழைய ஞாபகம், பயம் எல்லாம் இருக்கிற இடம் அது. அதுதான் உங்களுக்கு அவரின்ர மணம் வருது."

"அப்ப அவர் வாறேல்லையோ?"

டொக்டர் என் கைக்கட்டைச் சரிசெய்தார்.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவைச் சேர்ந்த சுபைதா ராத்தா. ராத்தா என்றால் அவர்களிடம் அக்கா. சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவு நோயால், காலில் ஆறாத புண். ஊரிலிருந்து அவவின் ஆட்கள் சட்டியில் எருமைத் தயிரும் இனிப்புப் பாணியும் கொண்டுவந்து கொடுப்பார்கள். டொக்டரின் தலை தெரிந்ததும் சட்டி என் மேசைக்கு வந்துவிடும். போனதும் அது திரும்பிப் போகாதபடி நான் பார்த்துக்கொண்டேன். அந்த ஆஸ்பத்திரி வாட்டில் என் கன்னம் உப்பியதற்கு ராத்தாதான் காரணம்.

என் கதையைக் கேட்டுவிட்டு ராத்தா சொன்னா: "ரூஹ் எண்டது, இந்த உசிரு, அல்லாட காரியம் புள்ள. நித்திரையில அது போய்ட்டு வருது, நாம தடுக்கேலுமா? டொக்டர்மார் ஒடம்பப் பாக்கட்டும். மத்தது அவங்கட வேல இல்ல."

என் புருஷனின் பெரியம்மா வந்து, இது ஆவிச்சேட்டை, கழிப்புக் கழிக்க வேண்டும் என்று மணிக்கட்டில் ஒரு நூலைக் கட்டிவிட்டுப் போனா. என் புருஷன் ஆவியாக வந்தாலும் சேட்டை செய்கிற ஆள் இல்லை என்று சொல்ல வாய் உன்னியது.

எல்லோரிலும் கூடுதலாக உற்சாகப்பட்டவர் பாலன். என் புருஷனின் தம்பி. விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார். கண்டபடி புத்தகம் வாசிப்பார்.

"அண்ணி, மூளைதான் மனசை உண்டாக்குது எண்டு இவையள் சொல்லுகினம். அதை ஆரும் இன்னும் நிரூபிக்கேலை. வேற மாதிரியும் பெரிய பெரிய ஆக்கள் சொல்லியிருக்கினம். மூளை ஒரு றேடியோப்பெட்டி. றேடியோவுக்குள்ள பாட்டுக்காரன் இருக்கிறானே? இல்லைத்தானே. வெளியில இருந்து வாறதை அது வாங்கித் தருது, அவ்வளவுதான். உங்கட பெட்டியில தழும்பு விழுந்ததால, மற்றவைக்குக் கேக்காத நிலையம் உங்களுக்குக் கேக்குது. அண்ணா இருக்கிறார், அண்ணி."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கிவிட்டது. தமையனை அவர் என்னைவிட நெடுநாள் அறிந்தவர். அன்று முழுவதும் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரி வளவுக்குள் ஊரில் திரிகிற மான்கள் வந்து வாழைத்தோலைத் தின்றுகொண்டிருந்ததைக்கூட மிகவும் பிரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் வந்தபோது பாலன் அதையே அவரிடமும் சொன்னார். டொக்டர் சிரிக்கவில்லை.

"மாஸ்டர், றேடியோவை உடைச்சாலும் பாட்டு நிக்கும். கிராமபோனை உடைச்சாலும் பாட்டு நிக்கும். ஒண்டில பாட்டுக்காரன் வெளியில, மற்றதில தட்டு உள்ளுக்க. பெட்டிக்கு வெளியில நிண்டு பாக்கிற எனக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். குளிசை குடுத்தா இவ அவரைக் காணமாட்டா. அது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவர் எங்க இருக்கிறார் எண்டது எனக்குத் தெரியாது."

அந்த நேர்மையை நான் மெச்சினேன். ஆனால் என் காதில் விழுந்தது ஒரு வசனம்தான். குளிசை குடித்தால் அவர் வரமாட்டார்.

குளிசைக்கு முன்னம் கொழும்பில் ஒரு சோதனை செய்ய வேண்டியிருந்தது. மூளையின் மின்னலையைப் படமாக்குகிற சோதனை. ஈ.ஈ.ஜி. என்பார்கள். பாலனும் சுகந்தியும் என்னை ரெயிலில் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்றும் நோகாது, பயப்பட வேண்டாம். தலைமயிரைப் பிரித்துப் பிரித்துப் பசைபோல ஒன்றைத் தடவி, கம்பிகளை ஒட்டுவார்கள். கம்பிகள் ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து வரிசையாகப் பேனைகள், ஓடுகிற காகிதத்தில் கோடு கீறிக்கொண்டே இருக்கும். என் தலையிலிருந்து அத்தனை கம்பிகள் தொங்குவதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு காலமும் நான் பலகைக்கு முன்னால் இருந்தேன், இப்போது நானே பலகை ஆகிவிட்டேன்.

வேகமாக மூச்சு இழுத்து விடச் சொன்னார்கள். விட்டுக்கொண்டே இருந்தேன். வயிறு எழும்பியது. டீசல் மணம். அவர் வந்துவிட்டார். முன்பின் தெரியாத அந்த அறைக்குள், கதிரைக்குப் பின்னால், வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

தெளிந்தபிறகு அந்தக் காகிதத்தைக் காட்டினார்கள். ஒரே சீராக வந்த கோடுகள் ஒரு இடத்தில் பேயாட்டம் ஆடியிருந்தன. "இஞ்சதான் தொடங்குது" என்று அங்கிருந்த தமிழ் டொக்டர் பென்சிலால் தொட்டார். அவர் நோயைக் காட்டினார். நான் என் புருஷன் வந்து நின்ற இடத்தைப் பார்த்தேன். அதைத் தடவிப் பார்க்க விரல் துடித்தது.

திருகோணமலைக்குத் திரும்பியதும் டொக்டர் பினோபாபிற்றோன் எழுதினார். சின்ன வெள்ளைக் குளிசை. கத்துகிற இடத்தைச் சத்தம் போடாமல் இருக்கச் செய்யும். நித்திரை தூங்கும், பிறகு பழகிவிடும் என்றார்.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

"அம்மா, அடுத்த முறை நெருப்பில கை மட்டும் போகும் எண்டில்லை. கிணத்தடியில வந்தா என்ன செய்வீங்கள்? இந்த நிலையில வேலைக்கும் உங்களை எடுக்காயினம்."

"அவர் ஏதோ சொல்ல வாறார் டொக்டர். அதை ஒருக்காக் கேட்டிட்டு நான் குடிக்கிறன்."

சுகந்தி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அவளுக்குக் கண்டிக்குப் பக்கத்தில், பேராதனைக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்திருந்தது. இந்த வருடம் போகவில்லை என்று நின்றாள். ஏன் என்று கேட்டால் வாய் திறக்கவில்லை. என் வருத்தத்தைச் சாட்டிப் படிப்பைக் கெடுக்காதே என்று ஏசியும் பார்த்துவிட்டேன். அன்றும் என் போர்வையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். டொக்டர், யோசித்துச் சொல்லுங்கோ என்று விட்டுவிட்டுப் போனார்.

யோசித்தேன். பலகைக்கு முன்னால் இத்தனை வருடம் இருந்தவளுக்கு ஒன்று தெரியும். பிளக்கைச் செருகியதும், அந்தப்பக்கம் ஆள் பேச முன்னமே, ஆள் நிற்கிற லைனா, வெறும் லைனா என்று காது சொல்லிவிடும். ஆள் நிற்கிற லைனில் ஒரு கனம் இருக்கும். என் தோளுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கனம்தான். இதைத் தழும்பு என்று எனக்குச் சொல்ல எவராலும் ஏலாது.

ஆனால் அதே பலகை எனக்கு இன்னொன்றையும் பழக்கியிருந்தது. மாரியில் கம்பி நனைந்து, இடியும் முழங்கினால், ஒருவரும் அழைக்காமலே தகடு தானாக விழும். செருகிப் பார்த்தால் மூச்சு விடுவதுபோல் ஒரு இரைச்சல். புதிதாக வந்த பிள்ளைகள் "நம்பர்? ஹலோ, நம்பர்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மழையோடு கதைக்கிறாள் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அதற்கு எங்களிடையே மழை லைன் என்று பெயர். உண்மையைச் சொன்னால், பழகிய எங்களுக்கும் முதல் மூச்சில் வித்தியாசம் தெரியாது. பேசுகிறதா என்று காத்திருந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இவர் இதுவரை பேசவில்லை. அந்த நினைப்பு வந்ததும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் பின்னேரம், ஆட்கள் பார்க்க வருகிற நேரத்தில், வாட்டிலேயே வந்தது. வயிறு, மணம், தோள். இம்முறை விடக்கூடாது என்று முழு உயிரையும் காதுக்குக் கொண்டுவந்தேன். அவர் வாயைத் திறந்தார். அறுந்துபோயிற்று.

கண் தெளிந்தபோது சுகந்தி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். ராத்தா தன் கட்டிலில் எழும்பி இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

"புள்ள, ஒண்டு கேக்கன், குறை நினைக்காதீங்க. ஒங்கட மகள் ஏன் ஒங்கள மிஸ் எண்டு கூப்பிடுறா?"

"என்னையோ?"

"ஓம். மொதல்ல நான் நர்ஸத்தான் கூப்பிடுறா எண்டு நினைச்சன். நர்ஸ் ஓடி வந்தும் அவ திரும்பிப் பாக்கல்ல. ஒங்கட காதுக்குக் கிட்டக் குனிஞ்சி, என்னமோ நம்பர் மறந்துபோச்சாம் எண்டு சொன்னா. ரெண்டு மூணு தரம் சொன்னா."

சுகந்தி தண்ணீரோடு வந்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் அவளுக்கு விளங்கிவிட்டது. கிளாசை மேசையில் வைத்தாள்.

"எப்ப தொட்டுச் சொல்லுறாய்?"

"முந்தியே. உங்களுக்கு வந்த ரெண்டாந்தரத்தில இருந்து."

"ஏன்?"

"உங்களுக்குத் தெரியாதம்மா. அது வந்தா நீங்கள் கேப்பீங்கள். நம்பர், நம்பர் எண்டு. கண் திறந்திருக்கும், என்னைத் தெரியாது. ஒருத்தரும் சொல்லாட்டித் திருப்பித் திருப்பிக் கேப்பீங்கள். கெஞ்சிற மாதிரி. முதல்தரம் எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேலை. அடுத்தமுறை அப்பா சொல்லுறதைச் சொன்னனான். நீங்கள் கேக்கிறதை விட்டிட்டீங்கள். முகம் நல்லா வந்திச்சு. கொஞ்சத்தால எழும்பினீங்கள்."

"பிறகு ஒவ்வொருமுறையுமோ?"

"ஓம். சொல்லாட்டி நீங்கள் திரும்பி வராம விட்டிடுவீங்களோ எண்டு பயம். நான் கம்பஸுக்குப் போனா ஆரம்மா சொல்லுறது?"

சொல்லிவிட்டு அழுதாள். தகப்பன் செத்த வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை.

நான் எந்த வசனத்துக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்துக்கிடந்தேனோ, அந்த வசனம் ஒவ்வொரு முறையும் என் காதோரம் சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவள் என் பிள்ளை. எனக்குத்தான் கேட்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் நிற்கிற அந்த நேரத்தில் என் பலகையில் அவளுடைய லைன் மட்டும் எடுபடவில்லை.

பின்னேரச் சுற்றுக்கு டொக்டர் வந்தபோது, மகள் சொன்னதால்தான் நான் திரும்பி வந்தேனா என்று கேட்டேன். வலிப்பு இரண்டொரு நிமிஷத்தில் தானாக நிற்கும் என்றார். பிறகு சுகந்தியைப் பார்த்துவிட்டு, "ஆனா முகம் நல்லா வந்தது எண்டு சொல்லுறா. உள்ளுக்க எங்கயோ கேட்டிருக்கும். இல்லையெண்டு சொல்ல எனக்குத் தைரியமில்லை" என்றார்.

"குளிசையைத் தாங்கோ" என்றேன்.

முதல் கிழமைகளில் தலை கல்லாகக் கனத்தது. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் நித்திரை தூங்கினேன். ராத்தா, வெட்டியது போகக் காலில் மிஞ்சிய பாதி விரல்களோடு, ஆனால் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனா. போகும்போது, "அவர் வந்தா நான் சலாம் சொன்னதாச் சொல்லுங்க புள்ள" என்றா. பாலன், குளிசை லைனைத்தான் வெட்டும், அண்ணாவை வெட்டாது என்று இன்றைக்கும் சொல்கிறார். நான் மறுப்பதில்லை. ஒப்புக்கொள்வதுமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பலகையில் படித்ததுதான். பலகைக்குள்ளும் கதை இல்லை, கம்பிக்குள்ளும் கதை இல்லை. இரண்டு முனையிலும் ஆள் வந்து நின்றால்தான் கதை.

அவர் பிறகு வரவில்லை. குளிசை போட்ட நாளிலிருந்து ஒருமுறைகூட இல்லை. என் இடது தோள் சும்மா ஒரு தோளாக இருக்கிறது. சில நாட்களில் துறைமுகத்துப் பக்கமிருந்து டீசல் மணம் வரும். வயிறு எழும்புகிறதா என்று பார்ப்பேன். எழும்பாது. அது வெறும் டீசல். அவரைக் காண வேண்டும் என்ற ஆசை எந்தக் குளிசைக்கும் அடங்கவில்லை. அது என்னோடு கூட எழும்பி, என்னோடு கூடப் படுக்கிறது.

சுகந்தி பேராதனைக்குப் போனாள். வலிப்பு வராமல் போதிய காலம் போனபிறகு டொக்டர் எழுதித் தந்தார், என்னை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள்.

மார்கழியில் ஒரு பின்னேரம். நல்ல மழை. தகடுகள் கண்டபடி விழுந்துகொண்டிருந்தன. செருகுவதும், வெறும் இரைச்சலைக் கேட்டுவிட்டு இழுப்பதுமாக அலுத்துப்போயிருந்தேன். கண்டிப் பக்கத்து லைனின் தகடு விழுந்தது. செருகினேன். ஒரு மூச்சு. இதுவும் மழைதான் என்று நினைத்துக்கொண்டு, பழக்கத்தில் "நம்பர்?" என்றேன்.

"நம்பர் மறந்துபோச்சு, மிஸ்."

வைத்துவிட்டாள். விடுமுறைக்கு வெளிக்கிடுகிறாள். உலை வைக்க வேண்டும். அழைப்பு முடிந்ததும் பிளக்கை உடனே இழுக்க வேண்டும் என்பது விதி. மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் கொஞ்ச நேரம் இழுக்கவில்லை.